தமக்கையின் மூக்கு

கொழும்புத்துறைக்குப் போய், பதினொரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மனைவியின் தமக்கையிடம், "உங்கடை மூக்கை ஒருக்கால் அச்செடுக்க விடுங்கோ" என்று கேட்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சிவகரனுக்குத் தெரிந்துபோயிற்று. மனைவி தேவமலரிடம் சொன்னால் விடமாட்டாள். அதனால் மானிப்பாயில் ஒரு கிழவருக்குப் பல்செற் பொருத்திப் பார்க்கவேண்டும் என்று பொய் சொன்னான். அச்செடுக்கும் தூளையும் கிண்ணத்தையும் பிளாஸ்டர் துணிச் சுருளையும் பையில் போட்டுச் சைக்கிளில் கொழுவினான்.

"மத்தியானத்துக்கு வந்திடுவன். பிள்ளைக்குச் சோறு போட்டுக் குடுத்திட்டு நீரும் சாப்பிடும், மலர்."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பதில் வருவது நின்று பல மாதங்களாகிவிட்டன.

சிவகரன் உடுவிலில் வீட்டோடு சேர்த்துச் சாய்ப்பாக இறக்கிய ஒரு பத்தியில் இருந்து பல்செற் செய்பவன். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பற்களைக் கட்டிக் கொடுப்பான். தேவமலர் பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பித்தவள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய இடது நாசியோரம் சின்னதாய் ஒரு பரு வந்தது. மஞ்சள் பூசினாள், களிம்பு பூசினாள். அது ஆறவில்லை. வைத்தியர்கள் பார்த்தபோது அது புற்றாகித் தோலுக்குள் வேரோடிவிட்டிருந்தது. மூக்கை முழுதாக எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார்கள். தலைநகர் கொழும்பில் எடுத்தார்கள். உயிர் தப்பியது. முகத்தின் நடுவில் மூக்கு இருந்த இடத்தில் ஒரு முக்கோணக் குழி மிஞ்சியது.

செயற்கை மூக்குச் செய்து தரலாம், பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார்கள். பதிந்தார்கள். அதற்குள் நாடு படுத்துவிட்டது. பெற்றோல் இல்லை, மருந்து இல்லை, கரண்ட் இல்லை. பதிவுப் பட்டியல் நகரவே இல்லை. சிவகரன் கிழமைக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்துக் கேட்பான். மறுமுனையில் இருந்தவர்களுக்கு அவன் குரல் பழகிவிட்டது. அவ்வளவுதான்.

பற்களையும் பல் பதிந்த முரசையும் அசல் போலச் செய்கிற கைக்கு ஒரு மூக்கு செய்ய வராதா என்று அவன்தான் தொடங்கினான். அவசரத்தில் பெரிய பிழை ஒன்று விட்டான். யன்னல் கண்ணாடி ஒட்டுகிற சிலிக்கன் குழாய் ஒன்றை இரும்புக்கடையில் வாங்கி அதில் ஒரு மூக்கை வார்த்தான். வினாகிரி மணம் வீசிய அதை ஒரு நாள் முழுக்க அவள் முகத்தில் ஒட்டி வைத்தான். எரிகிறது என்று அவள் சொன்னாள். "கொஞ்சம் பொறும், பழகிவிடும்" என்றான். பின்னேரம் எடுத்தபோது குழியைச் சுற்றித் தோல் வெந்து, தசை சிவப்பாய்த் தெரிந்தது. ஆற ஆறு கிழமை எடுத்தது. அதற்குப் பிறகு அவன் கையைக் கண்டாலே அவள் முகம் தானாகப் பின்வாங்கும். அவளாக வேண்டுமென்று செய்யவில்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது அவனை அறுத்தது.

மகள் தர்சினிக்கு எட்டு வயது. அம்மாவிடம் அன்பான பிள்ளைதான். ஆனால் அம்மாவோடு கதைக்கும்போது அவள் நிலத்தைப் பார்த்துத்தான் கதைத்தாள். புத்தகத்தில் சந்தேகம் கேட்பதானால் புத்தகத்தைக் கதவருகில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவாள். மலர் பதிலை எழுதித் திரும்ப அதே இடத்தில் வைப்பாள். மூக்கில்லாத முகத்தில் மூக்குக்கண்ணாடி நிற்காது. ஒரு எலாஸ்டிக் நாடாவைத் தலையைச் சுற்றிக் கட்டி, கண்ணாடியை அதில் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவள் பிள்ளையின் கணக்குகளைத் திருத்துவதை யன்னல் நீக்கலால் கண்ட நாளில், சிவகரன் பத்திக்குள் போய் பல் இழைக்கும் மோட்டரைப் போட்டு, அந்த இரைச்சலுக்குள் அழுதான்.

லீவு முடிகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. வருகிற தவணை தொடங்கும் நாளில் வரவேண்டும், இல்லாவிட்டால் மருத்துவக் குழுவுக்கு முன் போய் வேலையிலிருந்து விலகவேண்டும். விலகல் கடிதத்தை மலர் எழுதி மேசையில் வைத்துவிட்டாள். திகதி மட்டும் போடவில்லை. தவணை தொடங்க இன்னும் பதின்மூன்று நாள் இருந்தது.

நல்ல சிலிக்கன் வந்தது அந்த நேரத்தில்தான். கனடாவில் பல் வேலை செய்யும் இடமொன்றில் இருக்கிற லோஜன், சிவகரனோடு ஒன்றாகத் தொழில் பழகியவன், ஊருக்கு வந்த ஒருவரின் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தான். தோலில் நாள் முழுக்கக் கிடந்தாலும் ஒன்றும் செய்யாத சிலிக்கன். இரண்டு சின்னப் போத்தல்கள், சாயங்கள், ஒட்டுகிற பசை. இரண்டு மூக்குக்குப் போதும், மூன்றுக்குக் காணாது.

ஆனால் எந்த மூக்கை வார்ப்பது? மலரின் பழைய படங்களைப் பார்த்து மெழுகில் செதுக்கினான். ஒன்பது மூக்குச் செதுக்கினான். ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தியின் மூக்காகத்தான் இருந்தது. படத்தில் நீளம் தெரியும், அகலம் தெரியும். நாசிச் சுவரின் தடிப்பும், நுனி மெல்லத் தாழ்ந்து வருகிற அந்த வளைவும் எந்தப் படத்திலும் பிடிபடவில்லை. மலரின் தகப்பன் கனகரட்ணம் மாஸ்டருடைய மூக்கு அது. அவருடைய இரண்டு பெண்களுக்கும் அப்படியே இறங்கியிருந்தது. மாஸ்டர் இறந்துவிட்டார். மிச்சம் இருந்தது மூத்தவள் ஞானமலர் ஒருத்தியின் முகத்தில்தான்.

இந்த யோசனையை அவன் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். மலர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"அவளின்ரை மூக்கோடை இருக்கிறதிலும் பார்க்க எனக்கு இந்தக் குழி காணும்."

மலர் வேதக்காரப் பெண், கிறிஸ்தவக் குடும்பம். சிவகரன் சைவக்காரன். சைவக் கோயிலில் வைத்துத் தாலி கட்டியதிலிருந்து அந்த வீட்டோடு போக்குவரவு நின்றது. அதே வருடம் தகப்பன் செத்த வீட்டுக்கு மலர் ஓடினாள். ஞானமலர் கேற்றைப் பூட்டிவிட்டாள். சனம் பார்க்கப் பார்க்க, சவப்பெட்டி மூடுகிற பாட்டு உள்ளே கேட்கக் கேட்க, மலர் தெருவில் நின்றாள். தகப்பனின் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள்.

அந்தக் கேற்றுக்கு முன்னால்தான் இப்போது சிவகரன் சைக்கிளை நிறுத்தினான். உள்ளே ஞானமலர் குந்தியிருந்து பனைமட்டை பிளந்துகொண்டிருந்தாள். ஐம்பதைக் கடந்த, மெலிந்த, நரைத்த பெண். அவள் நிமிர்ந்தாள். மலரின் மூக்கு. முழுசாக, உயிரோடு, வியர்வை அரும்பி.

"ஆர்?"

"நான் சிவகரன்."

கத்தி கையில் இருக்க எழுந்து வந்தாள். கேற்றைத் திறக்கவில்லை.

"என்ன அலுவல்?"

"உள்ளை வந்து சொல்லலாமோ?"

"அங்கை நிண்டே சொல்லும்."

தொலைபேசியை எடுத்து, வைத்தியர்களுக்குக் காட்ட எடுத்த படத்தைத் திறந்து, கம்பிகளுக்கிடையால் நீட்டினான். அவள் வாங்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு தூரப் பிடித்தாள்.

"இது ஆர்?"

"மலர்."

கத்தி கீழே விழுந்தது. அவள் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்:

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

"சொல்ல வேண்டாமெண்டு அவதான் சொன்னவ."

"நான் இப்பவே வாறன். சீலையை மாத்திக்கொண்டு வாறன்."

"வேண்டாம் அக்கா. உங்களைக் கண்டா அவ என்ன செய்வாவெண்டு எனக்குத் தெரியாது. இப்பவே சாப்பாடு இல்லை, கதை இல்லை. வரவேண்டாம்."

"அப்ப ஏன் வந்தனீர்?"

"உங்கடை மூக்குக்கு" என்றான் சிவகரன்.

கேற்றுத் திறந்தது. விறாந்தைக் கதிரையில் அவளைச் சாய்த்து இருத்தினான். நாசித் துவாரங்களில் பஞ்சு வைத்து, வாயால் மூச்சு விடச் சொன்னான். தூளைக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்து மூக்கிலும் கன்னங்களிலும் அப்பினான். மூன்று நிமிடம் அசையக்கூடாது. இரண்டாவது நிமிடத்தில் அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. மூடிய கண்களிலிருந்து நீர் ஓடி, குழைவின் விளிம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

"அழாதேங்கோ அக்கா, அச்சுக் குழம்பிடும்."

குழம்பித்தான் போயிற்று. நுனி கிழிந்து வந்தது. முகத்தைக் கழுவிவிட்டு வந்து அவள் மீண்டும் இருந்தாள். "தூள் இன்னும் இருக்கோ?" என்றாள். "இன்னொருக்காலுக்குத்தான் காணும்" என்றான். இந்த முறை அவள் கதிரையின் கைப்பிடிகளை நகம் வெளுக்கப் பற்றிக்கொண்டு, கல்லைப் போல இருந்தாள். அச்சு முழுசாகக் கழன்றது. உள்ளே பார்த்தால் தோலின் நுண்துளைகூடத் தெரிந்தது.

அவன் சைக்கிளை எடுக்கும்போது, "பிள்ளைக்கு என்ன பேர்?" என்றாள். சொன்னான்.

அந்த அச்சில் ஊற்றிய மெழுகு மூக்கு வியாழக்கிழமை தயாராயிற்று. மலரின் முகத்தை முன்பே அச்செடுத்து, கல்லாய் இறுகும் கல்மாவில் வார்த்திருந்த முகத்தில் அதைப் பொருத்தி, ஓரங்களைத் தோலோடு தோலாய்ச் சேரும்படி இழைத்தான். "புதுசாய் ஒண்டு செதுக்கியிருக்கிறன், ஒருக்காத்தான் வைச்சுப் பாப்பம்" என்று கெஞ்சி அவளைக் கதிரையில் இருத்தினான். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மெழுகை மெல்ல வைத்தான்.

மூக்கை எடுத்த பிறகு முதல் தடவையாக அவன் மனைவி பழைய முகத்தோடு அவனுக்கு முன்னால் இருந்தாள். சிவகரன் எடுத்த கையை அந்தரத்தில் வைத்தபடி நின்றான். மலர் கண்ணைத் திறந்தாள்.

"கண்ணாடியைத் தாங்கோ."

அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தான். பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று இளகி வருவதுபோல இருந்தது. ஒரு விரலால் மூக்குத்தண்டிலிருந்து தடவிக்கொண்டு வந்தாள். இடது நாசியின் மேல் விரல் நின்றது. அங்கே ஒரு அரிசி அளவுக்குச் சின்னப் பள்ளம்.

"இதை எங்கை எடுத்தனீங்கள்?"

அவன் கண்ணாடியை வாங்கக் கை நீட்டினான்.

"இது நான் எறிஞ்ச சிரட்டை பட்ட தழும்பு. எனக்கு அப்ப அஞ்சு வயசு. நீங்கள் அங்கை போயிருக்கிறியள்."

"மலர், கேளும்..."

அவள் மெழுகை முகத்திலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நசித்தாள். மெழுகு விரலிடுக்குகளால் பிதுங்கியது.

"அப்பாவின்ரை முகத்தைக் கடைசியாப் பாக்க விடாதவளின்ரை மூக்கை நான் என்ரை முகத்திலை கொண்டு திரியவோ?"

"அப்ப நான் என்ன செய்ய?" சிவகரன் கத்தினான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவன் அவளிடம் கத்தியதில்லை. "சொல்லும், நான் என்ன செய்ய? ஒன்பது மூக்குச் செதுக்கினன். உம்மை எரிச்சன். என்ரை மூக்கை வெட்டி வைக்க ஏலுமெண்டா வைச்சிருப்பன்!"

"ஒண்டும் செய்ய வேண்டாம்" என்றாள் அவள், ஆறுதலாக. அந்த ஆறுதல்தான் அவனைப் பயமுறுத்தியது. "நான் ஒப்பரேசனிலை செத்திருந்தா, நீங்கள் ரெண்டு பேரும் இப்ப அழுது முடிச்சிருப்பியள். நாளைக்கு உந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலை குடுங்கோ."

அன்றே அதற்குத் திகதி போட்டாள்.

மறுநாள் காலையில் அவன் கடிதத்தைச் சட்டைப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு புறப்பட்டான். பள்ளிக்கூட வாசல் வரை போனான். எதிரில் இருந்த பஸ் நிற்குமிடத்துச் சீமெந்துக் கட்டில் இரண்டு மணித்தியாலம் இருந்தான். ஒரு பஸ்ஸும் வரவில்லை. கொடுக்காமல் திரும்பினால் அவள் என்ன செய்வாள், கொடுத்துவிட்டுத் திரும்பினால் என்ன செய்வாள் என்று மாறி மாறி நினைத்தான். வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும் இருக்கிறார்கள் என்று திடீரென்று உறைத்தது. சைக்கிளை எடுத்து மிதித்தான்.

படலையில் தர்சினி நின்றாள்.

"அப்பா, ஆரோ ஒராள் வந்திருக்கிறா. நடந்து வந்தவவாம். அம்மா சத்தம் போடுறா."

வாசலில் தேய்ந்த ஒரு சோடிச் செருப்புக் கிடந்தது. ஒன்றில் இரத்தக் கறை. கொழும்புத்துறையிலிருந்து உடுவிலுக்கு அந்த வெயிலில் நடந்து வந்திருக்கிறாள்.

உள்ளே மலர் சுவரோடு முதுகைக் கொடுத்து நின்றாள். முகத்தை மூடும் துணி நிலத்தில் கிடந்தது. எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அல்லது அவளே எறிந்துவிட்டாள். ஞானமலர் கதிரை நுனியில் இருந்தாள்.

"பாத்திட்டியோ? வடிவாப் பார். பாத்திட்டுப் போ."

"பாத்தன்."

"அப்ப போ."

"போறன். கால் ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் இருந்திட்டுப் போறன்."

சிவகரன் கதவடியில் நின்றான். உள்ளே போவதா விடுவதா என்று தெரியவில்லை.

"அண்டைக்குக் கேற்றை ஏன் பூட்டினனீ?" மலரின் குரல் குழியால் காற்றுப் போய், அடைத்து வந்தது. "நான் சைவக்காரனைக் கட்டினதெண்டோ? அப்பா பூட்டச் சொன்னவரோ? எனக்கு அதைச் சொல்லிப்போட்டுப் போ."

ஞானமலர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா சொல்லேல்லை. அவர் கடைசி மூண்டு நாளும் உன்ரை பேரைத்தான் சொன்னவர். மலர் வந்திட்டாளோ, மலர் வந்திட்டாளோ எண்டு. நான் பக்கத்திலை இருந்து கஞ்சி பருக்கிறன், துடைச்சு விடுறன். என்னைப் பாத்து நீ ஆரெண்டு கேட்டவர். எத்தினை வருசம் நான் பாத்தனான் அவரை. எனக்கு ஒரு கலியாணம் காட்சி இல்லை. கூப்பிட்டது உன்னை. நீ ஓடி வாறதைக் கண்டவுடனை எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. அதுதான் பூட்டினன். சனம் வேற மாதிரி நினைச்சுது. நான் அப்பிடியே விட்டிட்டன்."

மலர் சுவரில் சரிந்து மெல்லத் தரையில் இருந்தாள்.

"பதினொரு வருசம்" என்றாள். "பதினொரு வருசம் நான் நினைச்சுக்கொண்டிருந்தது, அப்பா என்னை மன்னிக்காமல் போயிட்டாரெண்டு."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

மலர் அழவில்லை. அழுதிருந்தால் நல்லது என்று சிவகரனுக்குத் தோன்றியது.

"இதுக்கு நான் இப்ப என்ன சொல்லவேணும்? பரவாயில்லை எண்டோ?"

"ஒண்டும் சொல்லவேண்டாம்."

"நான் சொல்லமாட்டன்."

"ஓம்" என்றாள் தமக்கை.

தர்சினி கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை ஞானமலர் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்தாள். சிவகரன் அவளைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொழும்புத்துறையில் விட்டுவிட்டு வந்தான்.

அவன் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மலர் பத்திக்குள் நின்றாள். அவள் அங்கே கால் வைத்து ஒரு வருடத்துக்கு மேல். மேசையில் இருந்த ஞானமலரின் மூக்கு அச்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா மெழுகு ஊத்துங்கோ" என்றாள், திரும்பாமல். "அந்தத் தழும்பை நிரவிவிடுங்கோ. அது அவளின்ரை. மற்றது அப்பாவின்ரை."

கடிதம் இன்னும் அவன் பொக்கற்றில்தான் இருந்தது.

மெழுகு மூக்கை, பல்செற் வார்க்கும் பித்தளைப் பெட்டிக்குள் வைத்து மேலும் கீழும் கல்மாவால் நிரப்பி, இறுகியதும் கொதிநீரில் மெழுகைக் கரைத்து ஓடவிட்டான். மூக்கின் வடிவில் வெறும் இடம் மிஞ்சியது. நல்ல சிலிக்கனில் பாதியை எடுத்தான். கை சுத்தமாக இருக்கட்டும் என்று ரப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு, சாயம் கலந்து, விரலால் அப்பி அப்பி நிரப்பினான். மூடி இறுக்கினான். கூட வந்த தாளில் சொன்ன நேரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் விட்டுத் திறந்தான்.

உள்ளே அரைவேக்காட்டுக் களி போல இருந்தது. விரலில் ஒட்டிக்கொண்டு நூல் நூலாய் இழுபட்டது.

அவன் நிலத்தில் இருந்துவிட்டான். கையில் ஒட்டியிருந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. தவணை தொடங்க ஏழு நாள். மிச்சம் ஒரு மூக்குக்கு மட்டும். எங்கே பிழை என்று தெரியாமல் அதையும் ஊற்றினால் அதுவும் இப்படித்தான் வரும். லோஜனுக்கு எடுத்தால் தொடர்பு கிடைக்கவில்லை. இனி ஒருவர் அங்கிருந்து வரும்போது கொண்டுவந்தால்தான். அது எப்போது?

"சிலிக்கனோடை வந்த தாளைக் காட்டுங்கோ."

மலர் கதவில் நின்றாள். தலையைச் சுற்றி எலாஸ்டிக், அதில் மூக்குக்கண்ணாடி. முகத்தில் துணி இல்லை. பொடி எழுத்தில் அச்சடித்த ஆங்கிலத் தாளை அவன் எடுத்துக் கொடுத்தான். அவன் அதில் அளவுகளை மட்டும்தான் பார்த்திருந்தான். அவள் யன்னலடிக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்து, வரி வரியாக வாசித்தாள். வகுப்பில் பிள்ளைகளின் விடைத்தாள் வாசிப்பது போல, விரலை வைத்து வாசித்தாள்.

"கையிலை என்ன போட்டுக்கொண்டு குழைச்சனீங்கள்?"

"கையுறை."

"ரப்பரோ?"

"ஓம்."

"அதுதான். ரப்பரிலை கந்தகம் இருக்கு. இந்தச் சிலிக்கனை இறுக வைக்கிறது ஒரு துளி பிளாட்டினம். கந்தகம் பட்டால் அது வேலை செய்யாது. இஞ்சை எழுதியிருக்கு, பாருங்கோ." தாளை அவனிடம் நீட்டினாள். பிறகு சொன்னாள்: "பெட்டியைச் சவர்க்காரம் போட்டு நல்லாய்க் கழுவுங்கோ. கையையும் கழுவுங்கோ. வெறுங்கையாலை குழையுங்கோ."

அந்த அறையில் அவள் அத்தனை வசனம் ஒன்றாகப் பேசி எவ்வளவு காலம் என்று அவன் நினைத்துப் பார்த்தான்.

அடுத்த நாள் காலையில், வெயில் ஏறுமுன், கிணற்றடியில் ஒரு மேசையைப் போட்டார்கள். நிறம் வெளிச்சத்தில்தான் தெரியும். மலர் பக்கத்தில் இருந்தாள், வெறும் முகத்தோடு. அவன் ஒவ்வொரு சாயமாகக் கலந்து அவள் கன்னத்தோடு வைத்துப் பார்த்தான். அவள் முகம் இரண்டு தரம் பின்வாங்கியது. மூன்றாம் தரம் நின்றது. மண்ணிறம், கொஞ்சம் மஞ்சள், நாசியோரத்துக்குச் சிவப்பு. நரம்போடுவது போலத் தெரிய, சிவப்பு நூலைப் பொடியாய் வெட்டி அடியில் தூவினான். கடைசித் துளி வரை வழித்துப் பெட்டிக்குள் அப்பி மூடினான். கரண்ட் இல்லை. மூன்று கல் வைத்து விறகு மூட்டி, தண்ணீர்ப் பானைக்குள் பெட்டியை இறக்கினான். இரண்டு மணித்தியாலம் ஒருவரும் சாப்பிடவில்லை.

அவன் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்துச் சுத்தியலை எடுத்தான். மலர்தான் சுத்தியலை வாங்கி மெல்லத் தட்டினாள். கல்மா இரண்டாய்ப் பிளந்தது. உள்ளே மூக்கு இருந்தது. விரலால் அமத்தினான். அமுங்கி, திரும்பி எழும்பியது. ஒட்டவில்லை.

ஓரங்களைக் கத்தரித்து, பசை பூசி, அவள் முகத்தில் வைத்து, நூறு வரை எண்ணிக் கையை எடுத்தான். அசலைவிடக் கொஞ்சம் சிவப்புத்தான். இடது பக்க ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. மலர் எலாஸ்டிக்கைக் கழற்றி எறிந்துவிட்டு மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். அது நின்றது. கண்ணாடியின் கீழ்ச் சட்டம் அந்தக் கோட்டை மறைத்தது.

தர்சினி தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்லக் கிட்ட வந்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"தொட்டுப் பாக்கட்டோ?"

தொட்டாள். "குளிருது" என்றாள். கொஞ்சம் யோசித்தாள்.

"படுக்கேக்கை கழட்டுவியளோ, அம்மா?"

"ஓம். கழட்டத்தான் வேணும்."

"கழட்டேக்கை எனக்குச் சொல்லுங்கோ."

"ஏன், பயத்துக்கோ?"

"இல்லை" என்றாள் பிள்ளை. "நான் பாத்துப் பழகவேணும்."

மலர் அப்போதுதான் அழுதாள். பசை விட்டுவிடும் என்று சிவகரன் சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை.

தவணை தொடங்கிய திங்கட்கிழமை அவனே அவளைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கினான். பிள்ளைகள் பார்த்தார்கள். முதல் நாள் எல்லோரும் பார்த்தார்கள், வியாழக்கிழமையளவில் அவ்வளவாகப் பார்க்கவில்லை. மத்தியான வெயிலில் வியர்த்துப் பசை இளகும். அப்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று அழுத்தி ஒட்டிக்கொண்டு, திரும்பப் பாடத்தைத் தொடர்வாள். சில நாட்களில் வீடு வந்ததும் நேரே உள்ளறைக்குள் போய்விடுவாள். அந்த நாட்களில் சிவகரன் வேலையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பான். ஆனால் அறைக் கதவு சாத்தப்படுவதில்லை.

ஞானமலர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து தொலைபேசி எடுப்பாள். சில ஞாயிறுகளில் மலர் அதை எடுத்து, பிள்ளையின் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வாள். சில ஞாயிறுகளில் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.